ஊன்றுகோலும் பேருந்தும்

ஜப்பானின் சிக்கோக்குத் தீவில், கூக்காய் (774–835) என்னும் பௌத்தத் துறவியைப் போற்றி அடியார் வலம்வரும் கோயில்கள் 88. வழித்தொலைவு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். 1687இல் சின்னென் என்னும் துறவி வெளியிட்ட வழிகாட்டி நூல் நடந்து செல்வோர்க்கென எழுதப்பட்டது. 1953இல் முதல் யாத்திரைப் பேருந்து புறப்பட்டது. நடவாதார்க்குப் புண்ணியம் உண்டோ என்னும் வழக்கும் எழுந்தது. முழங்கால் தேய்ந்த மூதாட்டியிடம் இவ்வழக்கைத் தொடுப்பது அறமாகாது.

23ஆம் கோயிலுக்கும் முரோத்தோ முனையிலுள்ள 24ஆம் கோயிலுக்கும் இடையே கடலோரமாக 75 கிலோமீட்டர். நடப்போர்க்கு ஏறக்குறைய மூன்று நாள். இரயிலும் பேருந்தும் மாறி ஏறுவோர் ஒரே பகலில் சேர்வர். எனினும் முனையில் பேருந்தை விட்டிறங்கியபின் குன்றேறக் கால்களே துணை.

கையிலுள்ள ஊன்றுகோல் கூக்காயே என்பது அடியார் நம்பிக்கை. விடுதி சேர்ந்ததும் முதலில் அதன் நுனியைக் கழுவுவர்; பேருந்தில் வந்தவர்க்கும் இம்மரபு பொதுவே.