சாலை மிதிவண்டிப் பந்தய வீரர்

சாலை மிதிவண்டிப் பந்தய வீரர் என்பவர் ஊதிய ஒப்பந்தத்தின் பேரில் ஓர் அணிக்காகச் சாலைப் போட்டிகளில் சைக்கிள் ஓட்டுபவர். வெற்றி ஒருவர் பெயரில் பதிவானாலும் இது அணி விளையாட்டு. முன்னால் செல்பவர் எதிர்காற்றைத் தாங்குவதால், பின்னால் ஒட்டி வருபவருக்கு உழைப்பு கணிசமாகக் குறைகிறது. எனவே அணித் தலைவருக்குக் காற்றை மறைப்பதும், தண்ணீர்க் குப்பிகள் கொண்டுவந்து தருவதுமே பெரும்பாலான வீரர்களின் பணி.

அணிப் படிநிலை

ஸ்விட்சர்லாந்தில் உள்ள சர்வதேச மிதிவண்டி ஒன்றியம் (யூசிஐ) ஆண்கள் அணிகளை வேர்ல்ட் டீம், புரோ டீம், கான்டினென்டல் என மூன்று படிகளாகப் பிரிக்கிறது. 1903இல் தொடங்கிய டூர் டி பிரான்ஸில் முதல் இரு படிகளைச் சேர்ந்த அணிகளே, தலா 8 வீரர்களுடன் பங்கேற்கின்றன. அவ்விரு படிகளிலும் குறைந்தபட்ச ஊதியம் உண்டு. கான்டினென்டல் அணிகளுக்கு யூசிஐ அப்படியொரு வரம்பை விதிக்கவில்லை. அங்கு ஓட்டும் பலர் வேறு வருமானத்தையும் நம்பியிருக்கிறார்கள்.

இந்தியாவில்

இந்தியாவின் முன்னணி வீரர்கள் பலருக்கு வாழ்வாதாரம் ரயில்வே, ராணுவம் போன்றவற்றில் விளையாட்டுத் தகுதியால் கிடைக்கும் வேலையே. இந்த வழக்கத்துக்கு வெளியே வந்தவர் நவீன் ஜான். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் படித்தபோது பந்தயத்துக்குள் நுழைந்த இவர், பின்னர் பெங்களூரிலிருந்து இயங்கினார். ஒவ்வொருவராகப் புறப்பட்டுக் கடிகாரத்தை எதிர்த்து ஓட்டும் டைம் டிரையலில் தேசியப் பட்டங்கள் வென்றார். 2016இல் தோஹாவில் நடந்த உலகப் போட்டியின் 40 கி.மீ. டைம் டிரையலில் அர்விந்த் பன்வாரும் இவரும் இந்தியாவுக்காக ஓட்டினர். ஜெர்மனியின் டோனி மார்ட்டின் அதில் வென்றார். 2017இல் ஆஸ்திரேலியாவின் ஸ்டேட் ஆஃப் மேட்டர் மாப் என்னும் கான்டினென்டல் அணியில் நவீன் ஜான் சேர்ந்தார்.

சென்னையில்

சென்னைக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு பழையது. டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949இல் தொடங்கப்பட்டு அம்பத்தூரில் உற்பத்தியில் இறங்கியது. இன்று மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிகளின் ஓட்டிகள் போக்குவரத்து பெருகுமுன் திருவான்மியூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் நோக்கிப் பயிற்சிக்குச் செல்கிறார்கள். சமதளமும் கடற்காற்றும் டைம் டிரையல் பயிற்சிக்கு ஏற்றவை. ஏற்றப் பயிற்சிக்கோ ஏலகிரி, ஏற்காடு அல்லது 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைக்குத்தான் போக வேண்டும். மெட்ராஸ் ராண்டனர்ஸ் நடத்தும் நெடுந்தூர ஓட்டங்கள் பந்தயங்கள் அல்ல: 200 கி.மீ. தூரத்தை 13.5 மணி நேரத்துக்குள் முடித்தால் போதும், முதலிடம் என்று ஏதுமில்லை. பந்தயத்தையே தொழிலாகக் கொள்ள விரும்புபவர் மாநிலப் போட்டியில் தேர்வாகித் தேசியப் போட்டிக்குச் செல்ல வேண்டும்.