வென்றவன் கவராத செல்வம்

மாமல்லபுரத்துக்குப் பெயர் தந்த பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் கி.பி. 642 வாக்கில் சாளுக்கியரின் தலைநகரைப் பிடித்து 'வாதாபி கொண்டான்' ஆனான். ஏறத்தாழ நூறாண்டு கழித்துச் சாளுக்கியரின் முறை வந்தது. பல்லவரின் தலைநகரான காஞ்சிக்குள் புகுந்த இரண்டாம் விக்கிரமாதித்தனுக்குப் பழிதீர்க்கக் காரணமும் இருந்தது, படையும் இருந்தது. ஆனால் கடற்கரைக் கோயிலை எழுப்பிய இராசசிம்மனே கட்டிய கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கண்ட அவன், அதைக் கவராமல் இறைவனுக்கே திருப்பித் தந்தான். அதைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு அக்கோயில் தூணில் இருக்கிறது.

இதில் பக்தி உண்டு. அரசியல் அறிவும் உண்டு. நகரங்கள் கைமாறிக்கொண்டே இருந்த காலம் அது. இன்று நாம் கொளுத்தினால் நாளை நம் ஊர் எரியும் என்பதை இரு தரப்பும் அறிந்திருந்தன. போரில் வரம்பு பிறப்பது பெரும்பாலும் இந்த அறிவில்தான்.

போருக்கு முன்பே பசுக்கள், பார்ப்பனர், பெண்டிர், பிணியாளர், மகப்பேறு இல்லாதோர் ஆகியோரைப் பாதுகாப்பான இடம் சேரச் சொன்னவன் என்று சங்க காலப் பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியைப் புறநானூற்றில் நெட்டிமையார் போற்றுகிறார். மேடைகளில் நாம் பெருமையோடு சொல்லும் பாட்டு அது. பகைவர் கோட்டையைக் கழுதை பூட்டி உழுதவன், அவர்களின் விளைவயலில் தேரோட்டியவன் என்று அதே மன்னனை அதே புலவர் பாடியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வரம்புக்குள் சிலர் இருந்தார்கள். வயலும் உழவனும் வெளியே நின்றார்கள்.

அதன் விலையைச் செங்கல்பட்டுச் சீமை 1780இல் கொடுத்தது. சென்னையிலிருந்த ஆங்கிலேயருக்கு உணவும் தீவனமும் கிட்டக் கூடாது என்பது படையெடுத்து வந்த மைசூர் ஹைதர் அலியின் கணக்கு. அதற்காக ஊர்கள் எரிக்கப்பட்டன, குடிகள் ஓடினார்கள், பஞ்சம் வந்தது. அந்தச் சீமையை மீட்டெடுக்கும் வேலை 1790களில்கூட முடியவில்லை. அப்போதைய கலெக்டர் லயோனல் பிளேஸ் மதுராந்தகம் ஏரிக்கரையைக் காக்கப் பட்ட பாட்டை ஏரி காத்த ராமர் கோயில் கதை வழியாக நாம் அறிவோம்.

உழவனை வரம்புக்குள் கொண்டுவர உலகுக்கு நெடுங்காலம் பிடித்தது. 1949இன் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை போரில் சிக்கும் பொதுமக்களைக் காப்பதற்கானது. 1977இன் முதலாம் கூடுதல் நெறிமுறை, மக்கள் உயிர்வாழத் தேவையான பயிர், கால்நடை, குடிநீர், பாசன அமைப்புகளை அழிப்பதைத் தடை செய்தது. 1949 உடன்படிக்கைகளை ஏற்ற இந்தியா, இந்த நெறிமுறையில் இன்னும் சேரவில்லை. ஏன் சேரவில்லை என்று ஏரிகளால் வாழும் செங்கல்பட்டு மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் நாம் கேட்க வேண்டும்.