பட்டாம்பூச்சிப் பலகை

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு 'ஃப்ரான்ஷீஸ்' என்றால் முதலில் ஒளிவுமறைவின்மை. ஒரு பெயர்ப்பலகையின் கீழ் பலர் கடை நடத்துவது என்ற அர்த்தம் பிறகு வந்தது. அந்தக் கடை முறையை ஏழைகளின் வைத்தியத்துக்குப் பீகாரில் கொண்டுவந்தார்கள்.

1990களின் நடுவில் 'ஜனனி' என்ற தொண்டு நிறுவனம் அங்கே குடும்பநல வேலையைத் தொடங்கியது. கிராமத்தில் எம்.பி.பி.எஸ். டாக்டர் அபூர்வம், காய்ச்சலென்றால் ஜனங்கள் போவது பட்டமில்லாத ஊர் வைத்தியரிடம். ஜனனி அவர்களை விரட்டவில்லை. பயிற்சி கொடுத்து, வாசலில் 'தித்லி' பலகை மாட்டியது. தித்லி என்றால் பட்டாம்பூச்சி. ஆணுறையும் கருத்தடை மாத்திரையும் அங்கே கிடைக்கும். அதற்குமேல் தேவைப்பட்டால் டவுனில் 'சூர்யா' கிளினிக்; படித்த டாக்டர், முன்பே நிர்ணயித்த கட்டணம்.

வைத்தியர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்களிடம் எந்தப் பெண் வாய்விட்டு மாத்திரை கேட்பாள்? அதனால் வீட்டுப் பெண் ஒருத்தியையும், அநேகமாக மனைவியை, பயிற்சிக்கு அழைத்து வரச் சொன்னார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

கிளினிக்குக்கு ஆள் அனுப்பினால் வைத்தியருக்குக் கமிஷன். முகம் சுளிக்காதீர்கள்! ஸ்கேன் கமிஷன் நாம் கேள்விப்படாததா? இங்கே அது மறைவில் நடக்கிறது; அங்கே திட்டத்திலேயே இருந்தது. ஃப்ரான்ஷீஸின் பழைய அர்த்தமும் வந்துவிட்டது பாருங்கள்.

ஆனால் பலகை மாட்டுவது சுலபம், அடுத்தவர் கிளினிக்கின் தரத்தைக் காப்பது கஷ்டம். பிற்பாடு ஜனனி சூர்யா கிளினிக்குகளைத் தானே நடத்தத் தொடங்கியது. ஜனனியை வளர்த்த கோபி கோபாலகிருஷ்ணன், 2008-க்குப் பின் உத்தரப்பிரதேசத்தில் 'ஸ்கை' என்ற பலகையோடு மறுபடி ஊர் வைத்தியர்களிடமே போனார். இம்முறை டெல்லி டாக்டர் கணினித் திரையில் வந்தார்.