ஓய்வு நேரமும் நம் எழுத்தும்

பொழுதுபோக்கென்பது செல்வர்க்கே உரியதென நம்மவருட் சிலர் கருதுகின்றனர். வரலாறு அதனை மறுக்கின்றது.

பாரிட் புந்தாரைச் சூழ்ந்த கிரியான் மாவட்டத்தில், கரும்புத் தோட்டங்கட்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தோர் நம் முன்னோர். 1910-இல் ஒப்பந்தமுறை ஒழிந்த பின்னரும், கரும்பு போய் ரப்பர் வந்த பின்னரும், பகற்பொழுது துரைக்கே உரியதாயிற்று. எஞ்சிய அந்திப்பொழுதைத் தோட்டத்துக் கள்ளுக்கடை கவர்ந்துகொண்டது. கூலி மட்டுமன்று, ஓய்வும் பறிபோயிற்று.

அதனை மீட்கத் துணிந்தவை பத்திரிகைகள். 1935-இல் கோ. சாரங்கபாணியார் சிங்கப்பூரில் தொடங்கிய ‘தமிழ் முரசு’ அவற்றுள் ஒன்று. ஒருவர் வாசிக்க, எழுத்தறியாதார் சூழ்ந்திருந்து கேட்டனர். 1950-இல் கோலாலம்பூர்த் ‘தமிழ் நேச’னில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தி, வாசகரை எழுதப் பழக்கினர். தாமறிந்த கலையை அவ்விருவரும் பூட்டிவைக்கவில்லை. ஓய்வில் எழுதப் பழகியோருட் பலர் இந்நாட்டுத் தமிழிலக்கியத்தை வளர்த்தனர்.

தனியே நுகரும் பொழுதுபோக்கு நம்மோடு மறையும்; பகிர்ந்ததோ சமூகத்தின் சொத்தாகும். இன்று அந்திப்பொழுதைக் கவரக் கைப்பேசியும் வந்துவிட்டது. தோழர்களே! அதினின்று ஒரு மணி நேரத்தை மீட்போம். நாமறிந்த கலையொன்றை அயல்வீட்டுச் சிறுவர்க்குக் கற்பிப்போம்.