தேர்வறையில் 40 விழுக்காடு: ஸ்கிரைப் உரிமை வளர்ந்த வரலாறு

முன்னுரை

உயர்கல்வியில் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி என்றதும் இடஒதுக்கீடும் சாய்தளமுமே பேசப்படுகின்றன. ஆனால் சேர்ந்த மாணவர் பட்டத்தோடு வெளியேறுவாரா என்பது தேர்வறையில்தான் தீர்மானமாகிறது. சொல்வதை எழுதும் உதவியாளராகிய ஸ்கிரைப், கூடுதல் நேரம் ஆகிய இரண்டும் இந்தியாவில் உரிமையாக உருப்பெற்ற வழியை இக்கட்டுரை ஆராய்கிறது. சட்டம் கைவிட்ட அளவுகோலைத் தேர்வு விதிகள் பல்லாண்டு விடாமல் பற்றியிருந்தன என்பதே இதன் கருதுகோள்.

1995: முதல் சட்டம்

1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றது. குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாது என்று அரசு குறிப்பிட்ட மருத்துவ அமைப்பு சான்றளித்தால்தான் ஒருவர் அச்சட்டத்தின் கணக்கில் வருவார். பார்வையற்றோருக்கும் குறைபார்வையுடையோருக்கும் கல்வி நிறுவனங்கள் ஸ்கிரைப் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 31ஆம் பிரிவு கூறியது. கை நடுங்கும் மாணவரையோ கற்றல் குறைபாடுள்ளவரையோ அப்பிரிவு குறிப்பிடவில்லை. யார் எழுதலாம், எவ்வளவு நேரம் என்பவற்றை ஒவ்வொரு தேர்வு அமைப்பும் தன் விருப்பப்படி முடிவு செய்தது.

2013, 2018: நெறிமுறைகள்

2007இல் இந்தியா ஐ.நா. மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கையை ஏற்புறுதி செய்தது. நியாயமான வசதியை மறுப்பதும் பாகுபாடே என்பது அவ்வுடன்படிக்கையின் நிலைப்பாடு. 2013 பிப்ரவரியில் மத்திய சமூக நீதி அமைச்சகம் நாடு முழுவதற்கும் பொதுவான நெறிமுறை வெளியிட்டது. மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் கிடைத்தது. ஸ்கிரைபுக்குக் கல்வித்தகுதி, வயது வரம்பு விதிக்கக் கூடாது என்றும் கூறப்பட்டது. ஆயினும் 40 விழுக்காடு நீடித்தது.

2018 நெறிமுறை ஒரு படி பின்வாங்கியது. தேர்வர் தாமே ஸ்கிரைபை அழைத்துவந்தால், அவரது படிப்பு தேர்வரின் படிப்பைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்றது. முறைகேட்டைத் தடுப்பது இதன் நோக்கமாகலாம். சுமை விழுந்ததோ மாணவர் மீது. முதுகலைப் பொருளியல் மாணவர் ஒரு சமன்பாட்டைச் சொல்வதாகக் கொள்வோம். எந்த எண் மேலே, எந்தக் குறி அடைப்புக்குள் என ஒவ்வொன்றாக விளக்கி, எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். கூடுதலாகக் கிடைத்த 20 நிமிடம் அதிலேயே கரைந்துவிடும்.

2016 சட்டமும் நீதிமன்றமும்

இதற்கிடையே சட்டம் மாறியிருந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. உயர்கல்வியில் 5 விழுக்காடு இடஒதுக்கீடு போன்ற சில பலன்களுக்கு மட்டும் 40 விழுக்காட்டு வரம்பை வைத்துக்கொண்டது. ஸ்கிரைபையும் கூடுதல் நேரத்தையும் பேசும் 17ஆம் பிரிவில் அந்த வரம்பு இல்லை.

இந்த வேறுபாட்டைத் தேர்வு அமைப்புகள் கண்டுகொள்ளவில்லை. எழுதும்போது கைத்தசை இறுகிவிடும் ஒரு தேர்வருக்கு மத்தியப் பணியாளர் தேர்வாணையம் ஸ்கிரைப் மறுத்தது. 2021 பிப்ரவரியில் அவர் தொடுத்த விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், 40 விழுக்காடு இல்லாதவருக்கும் அவ்வுரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அதையொட்டி, 40 விழுக்காட்டுக்குக் குறைவான குறைபாட்டோடு எழுத இடர்ப்படுவோருக்கென 2022 ஆகஸ்டில் தனி நெறிமுறை வந்தது.

விதி இருந்தும் அறைக்குள் உரிமை தோற்றதற்கு 2021 நீட் தேர்வு சான்று. எழுத்துக் குறைபாடுள்ள மாணவி ஒருவருக்கு உரிய ஒரு மணி நேரம் கொடுக்கப்படாமல் விடைத்தாள் வாங்கப்பட்டது. அநீதி நடந்ததை உச்ச நீதிமன்றம் ஏற்றது. பரிகாரம் காணுமாறு தேசியத் தேர்வு முகமையைப் பணித்தது. மறுதேர்வுக்கு மட்டும் உத்தரவிடவில்லை. தேர்வறையில் பறிபோகும் நேரத்தைத் தீர்ப்பால் முழுமையாக மீட்டுத்தர முடிவதில்லை என்பதை இவ்வழக்கு காட்டுகிறது.

முடிவுரை

இடஒதுக்கீட்டில் இடங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. யாருக்கு என்று கோடு கிழிக்க ஓர் அளவு வேண்டும். ஸ்கிரைப் அப்படியல்ல. ஒருவருக்குக் கொடுப்பதால் இன்னொருவரின் இடம் குறைவதில்லை. ஆகவே பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகங்கள் விண்ணப்பத்தில் முதலில் கேட்க வேண்டியது விழுக்காட்டை அன்று, எழுதுவதில் உள்ள இடர்ப்பாட்டை. அறைக் கண்காணிப்பாளர்களுக்கு இவ்விதிகளில் பயிற்சி அளிப்பதும் தேர்வுப் பணியின் ஒரு பகுதியாக வேண்டும்.