விசுவாச விளக்கம் (கிறிஸ்தவம்)

தன் நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவருக்குச் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கும் கிறிஸ்தவக் கடமை. இதற்கு அடிப்படை புதிய ஏற்பாட்டில் 1 பேதுரு 3:15-16. பொந்து, கலாத்தியா, கப்பதோக்கியா, ஆசியா, பித்தினியா ஆகிய சின்ன ஆசியாவின் (ஆசியா மைனர்) பகுதிகளில் சிதறி வாழ்ந்து, அக்கம்பக்கத்தாரின் ஏச்சுக்கு ஆளானவர்களுக்கு எழுதப்பட்ட நிருபம் அது. பதில் சொல்வதோடு, சொல்லும் விதத்தையும் வாழும் விதத்தையும் சேர்த்தே அது கேட்கிறது. பின்னாளில் வாதத்தில் வல்லவர்கள் பலர் முதற்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டாம் நூற்றாண்டில் ஜஸ்டின் இந்த விளக்கப் பணியைப் பெரிய அளவில் செய்தார். இன்றைய நாப்லஸ் நகரில் பிறந்து, கிரேக்கத் தத்துவங்களைக் கற்றபின் கிறிஸ்தவரானவர். ஏறத்தாழ 155இல் பேரரசர் அந்தோனினுஸ் பயஸுக்கு விளக்க மடல் எழுதினார். அதில் ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டை அவர் விவரித்திருப்பது வரலாற்றாசிரியர்களுக்குப் பொக்கிஷம். யூதரான திரிஃபோவுடன் அவர் நடத்திய உரையாடல் நூலில் கடுஞ்சொற்களும் உண்டு. ஆனாலும் இருவரும் கருத்தொற்றுமை இல்லாமலே நல்வாழ்த்துச் சொல்லிப் பிரிகிறார்கள்.

தமிழகத்தில், 1706இல் தரங்கம்பாடி வந்த மிஷனரி சீகன்பால்கு இந்துக்களோடும் இஸ்லாமியரோடும் சமய உரையாடல்கள் நடத்தினார். அவற்றின் பதிவுகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயின.