சிறை மீண்டவருக்கு ஒரு வழித்துணை

சிறை புகுந்த தியாகிகளின் வரலாறு நம்மிடம் நிரம்ப உண்டு. சிறை மீண்டபின் அவர்கள் எங்கே சென்றார்கள், எதைக்கொண்டு உண்டார்கள், யார் அவர்களுக்குக் கதவு திறந்தார்கள் என்பதை எழுதியோர் சிலரே. நெல்லைச் சீமை தந்த வ. உ. சிதம்பரம் பிள்ளையின் வாழ்வில் அந்தப் பிற்பகுதியே நாம் ஊன்றிப் படிக்க வேண்டியது.

1906 அக்டோபரில் தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவாயிற்று. பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். அவற்றுள் 8,000 பங்குகளை, அதாவது இரண்டு லட்சம் ரூபாய்க்கு, ஒருவரே ஏற்றுக்கொண்டார். அவர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட். சங்கத்தின் செயலாளராகவும் அவரே விளங்கினார். வெள்ளையர் கப்பலுக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் ஓடியதில் நம் சமுதாயத்தின் பங்கு அத்தகையது.

1908 மார்ச் 12ஆம் நாள் சிதம்பரனார் கைதானார். ஜூலை 7இல் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது ஆறாண்டாகக் குறைந்தது. கோயம்புத்தூரிலும் கண்ணனூரிலும் சிறைவாசம். 1912 டிசம்பர் 24ஆம் நாள் விடுதலை.

விடுதலை என்றால் என்ன? சிறைக்கதவு திறந்தது, வேறு எந்தக் கதவும் திறக்கவில்லை. அவர் கண்ட கப்பல் சங்கம் அதற்குள் கலைந்துவிட்டது. தண்டனை பெற்றவர் என்பதால் வழக்கறிஞர் சன்னது பறிபோயிற்று. தம்பி மீனாட்சிசுந்தரம் அதிர்ச்சியில் சித்தம் கலங்கினார். 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டபின் நெல்லையில் அச்சம் சூழ்ந்திருந்தது. எனவே பிறந்த மண்ணை விட்டுச் சென்னையில் குடியேறினார். மளிகை வாணிபம் செய்து பார்த்தார், அது நிலைக்கவில்லை.

அந்நிலையில் கை கொடுத்தவர்கள் யார்? கடல் கடந்த தென்னாப்பிரிக்கத் தமிழர்கள், வேதியப்பப் பிள்ளையின் முயற்சியால் பணம் திரட்டினர். அது காந்தியடிகள் வழியாக 1916இல் 347 ரூபாய் 12 அணாவாக வந்து சேர்ந்தது. பின்னர் நீதிபதி வாலஸ் என்னும் ஆங்கிலேயர் சன்னது மீண்டும் கிடைக்க உதவினார். அந்த நன்றியை மறவாத சிதம்பரனார் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். கோவில்பட்டியில் மீண்டும் வழக்குரைத்து, 1936 நவம்பர் 18இல் தூத்துக்குடியில் மறைந்தார்.

இரண்டு உதவிகளே அவை. ஒன்று வயிற்றுக்கு, மற்றொன்று தொழிலுக்கு. சிறை மீண்டவனுக்கு இன்றும் தேவைப்படுபவை இவ்விரண்டே.

இதில் நம் மார்க்கம் காட்டும் வழி தெளிவானது. யூசுப் நபி (அலை) அவர்கள், விடுதலையாகும் தோழரிடம் மன்னரிடம் தம்மைப் பற்றிச் சொல்லுமாறு வேண்டினார்கள். வெளியே சென்றவர் மறந்தார். நபியவர்கள் மேலும் சில ஆண்டுகள் சிறையிலேயே தங்கினார்கள். மறதி எவ்வளவு பெரிய கொடுமை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? ஜகாத்துக்கு உரியோர் எண்மருள் கடன்பட்டோரும் வழிப்போக்கரும் உள்ளனர். இமாம் அபூ யூசுப் (ரஹ்) தம் கிதாபுல் கராஜில் கலீபா ஹாரூன் ரஷீதுக்கு அறிவுரை வழங்கினார்கள். கைதிகளைச் சங்கிலியுடன் பிச்சைக்கு அனுப்பலாகாது. மாதந்தோறும் உணவுக்குப் பணமும், கோடைக்கும் குளிருக்கும் ஆடையும் அரசு கொடுக்க வேண்டும் என்பதே அது.

இன்று பாளையங்கோட்டை மத்திய சிறையிலிருந்து வெளிவருவோர் உண்டு. ஊர் சேரப் பயணப்படி தருவதற்குச் சிறை விதிகளில் இடமுண்டு. விடுதலையான கைதிகளுக்கு உதவும் சங்கமும் தமிழ்நாட்டில் இயங்குகிறது. ஆயினும் அரசின் பயணப்படி பேருந்து நிலையம் வரையில்தான் கொண்டுவந்து விடும். அங்கிருந்து வீட்டு வாசல் வரையுள்ள தூரமே நெடிது. அதை ஊராரின் பார்வை அளக்கிறது.

அத்தூரத்தைக் குறைப்பது ஜமாஅத்துகளின் கடமை. பேட்டையிலும் மேலப்பாளையத்திலும் ஏர்வாடியிலும் கடையநல்லூரிலும் பள்ளிவாசல்கள் உண்டு, பைத்துல்மால்களும் அமைக்கலாம். மீண்டு வருபவரைச் சிறைவாசலில் சந்திக்க இருவர், வீடு சேர ஒரு வண்டி, சில மாத அரிசி, ஒரு கைத்தொழிலுக்கு முதல்: இவை பெருஞ்செலவு அல்ல. அதைவிட, தொழுகை அணியில் அவருக்குத் தோளோடு தோள் நிற்க ஓரிடம் தருவது செலவே இல்லாதது.

கப்பலுக்கு இரண்டு லட்சம் கொடுத்த சமுதாயம், கரை சேர்ந்தவரைக் கைவிடலாமா?